காயலாங்கடைச் சாமான்

நாகேந்திரனிடம் ஒரு வசவு இருந்தது. வேறு யாராவது சொன்னால் அது வசவே இல்லை. அவர் வாயிலிருந்து வந்தால் மட்டும் கேட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சென்னை பாடியில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்த உருப்படியை யாராவது கொண்டுவந்து மேசையில் வைத்தால், வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். மூக்கைச் சுளிப்பார். பக்கத்திலிருக்கும் சிவப்புத் தொட்டிக்குள் அதைப் போட்டுக்கொண்டே, "இன்னாடா இது, காயலாங்கடைச் சாமான்" என்பார். அவ்வளவுதான். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று டீக்கடையில் நின்று புலம்புவார்கள்.

அந்தக் கம்பெனி ஓசூர் பக்கம் போய்விட்டது. மெஷின்களையும் இளவட்டங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாகேந்திரனுக்கு ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறி இறங்காத படி இல்லை. எங்கே போனாலும் அவருடைய நாற்காலியில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு அளந்துகொண்டிருந்தது.

அவர் குடியிருந்த சேக்காட்டில் தெருக்காரர்கள் விசாரித்தபோது, "இப்ப கன்சல்டன்டா போறேன்" என்று சொன்னார். அந்த நேரத்துக்கு வாயில் வந்த சொல். விட்டபிறகு திரும்ப எடுக்க வழியில்லை. தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, கம்பெனியின் ஆண்டு விழாவில் கொடுத்த கறுப்பு லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதாயிற்று. பைக்குள் முதலில் ஒரு தண்ணீர் பாட்டிலும் தினத்தாளும் மட்டும்தான் இருந்தன. ஆவடி ஸ்டேஷனில் உட்கார்ந்து தாளை வரிவிடாமல் படித்துவிட்டு வந்தார். மனைவி தாட்சாயிணிக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாசலுக்கு யார் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவுரு சைட் விசிட் போயிகீறாரு" என்று சொல்லிவிடுவாள்.

அப்புறம் வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆயிற்று. ஆள் கூப்பிட்டுச் சரிசெய்யும் நிலையில் வீடு இல்லை. ஸ்பேனர் தேடிக்கொண்டு நாகேந்திரன் பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு காயலாங்கடைக்கு வந்து நின்றார். வந்து நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைக்குட்டையை மூக்கின்மேல் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தூசிக்குக் கட்டியதாகக் கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

உள்ளே மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. மூடிப்போன பட்டறைகளின் சாமான்கள் அத்தனையும் அங்கே வந்து சேர்ந்திருந்தன. பிடி கழன்ற அரங்கள். உறை தேய்ந்த மூக்குக் குறடு. ஒன்று மட்டும் குறைகிற ஊசி அரங்களின் கட்டு ஒன்று. விரல் பருமன்கூட இல்லாத சின்னச் சின்ன அரங்கள், பல் இன்னும் மழுங்கவில்லை. சின்ன இடுக்கை அளக்கிற, பாதித் தகடுகள் காணாமல் போன ஒரு ஃபீலர் கேஜ். தடிமன் அளக்கிற, முனை தேய்ந்த வெர்னியர் ஒன்று. மூடினால் பூஜ்யத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது. கம்பெனியில் இருந்தால் இதையெல்லாம் அவரே தொட்டியில் வீசியிருப்பார். இங்கே அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எடை போட்டு, பழைய பேப்பர் போலக் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்தார். வெர்னியர் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்து, அதை மனசிலேயே கழித்துக்கொள்ளப் பழகினார்.

மோட்டார் ஓடியது. அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. பூந்தமல்லியில் ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் பேச்சுவாக்கில், கேட்டின் கீல் எதனால் கத்துகிறது என்று சொல்லப்போய், அதைச் சரிசெய்துகொடுக்கும்படி ஆயிற்று. அடுத்த பிளாக்கில் தையல் மெஷின். அதற்கடுத்து ஒரு கிரைண்டர், ஒரு ஷட்டர், சக்கரம் சுற்றாத ஒரு வீல்சேர். எடைக்கு வாங்கிய அந்தச் சாமான்கள் எதற்கும் சளைக்கவில்லை. புதுசு வாங்கியிருந்தால்கூட இந்தப் பாடு பட்டிருக்குமா என்று அவரே வாயைப் பிளந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் கிருஷ்ணப்பிரியா படிப்பை முடித்தாள், வீட்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு வந்தது வெட்கம். வீல்சேர்க்காரப் பெரியம்மா கையைப் பிடித்து நன்றி சொன்னபோதுகூட, இந்த அம்மாவுக்குச் சேக்காட்டில் யாராவது சொந்தம் இருந்து தொலைக்கப் போகிறார்களே என்றுதான் யோசித்தார். தெருமுனை வந்ததும் கை நகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பையும் சமயத்தில் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. நடக்கும்போது உள்ளே இரும்போடு இரும்பு மோதி கிணிங் கிணிங் என்று சத்தம் வந்தது. எந்த லேப்டாப் அப்படிச் சத்தம் போடும்? பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பையை இரண்டு கையாலும் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு நடப்பார்.

ஒருநாள் காலையில் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. பூந்தமல்லி போய்ப் பையைத் திறந்து பார்த்தால், சாமான்களெல்லாம் நீலக் கட்டம் போட்ட துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. துணியை மடித்து உறை உறையாகத் தைத்திருந்தது. ஒவ்வொரு அரத்துக்கும் ஒரு உறை. தாட்சாயிணி வேலை என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால், பை சத்தம் போடுவதற்குத் தான் பயந்ததையும் பேசவேண்டி வருமே.

கிருஷ்ணப்பிரியாவுக்கு வானகரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அஜித்குமார், முகப்பேரில் ஒரு தனியார் வங்கியில் வேலை. அப்பா தங்கவேல் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், அம்மா சொர்ணம். நல்ல மனிதர்கள். பெண் பார்க்க வந்த அன்று பையனும் பெண்ணும் மாடியில் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்கள். பிடித்துப்போயிற்று. நாகேந்திரன் அன்று கூடத்தில் உட்கார்ந்து, வராத சுத்தத் தமிழை வரவழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மறுபடி வந்திருந்தபோது தங்கவேல் எதார்த்தமாக, "எந்தக் கம்பெனிக்கு சம்பந்தி கன்சல்டிங் பண்றீங்க?" என்று கேட்டுவிட, சொர்ணம் தன் புருஷன் தொடையில் நறுக்கென்று கிள்ளியதை நாகேந்திரன் பார்த்தார். சம்பந்தியம்மாவுக்கு நம்மேல் எவ்வளவு மரியாதை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். அளவு எடுக்கத் தாட்சாயிணி நூல் கொண்டுவந்தாள். நாகேந்திரனுக்கு வெர்னியரை எடுக்கக் கை துடித்தது. பைக்குள்தான் இருந்தது. எடுத்தால், கன்சல்டன்ட் பையில் துருப்பிடித்த வெர்னியர் எதற்கு என்ற கேள்வி வரும். நூலால் அளப்பதோ இன்ஸ்பெக்டருக்குக் கேவலம். அதனால் அஜித்குமாரின் கையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அளவே வேணாம். என் கண்ணுதான் வெர்னியர். எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே சைஸ்" என்று அடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தன் மோதிரத்தைத்தான் ஆசாரியிடம் அளவுக்குக் கொடுத்தார்.

நிச்சயம் வீட்டிலேயே நடந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சம்பந்திகள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிறமாதிரி அந்த லேப்டாப் பையை நாகேந்திரனே கொண்டுவந்து வைத்தார். வேண்டுமென்றுதான் வைத்தார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே. இடம் பண்ணிக்கொள்ள யாரோ ஒரு சொந்தக்காரன் அதைத் தூக்கி நகர்த்தப் பார்த்து, "இன்னா மாமே, லேப்டாப்பா பாறாங்கல்லா? இம்மாம் வெயிட்டு கீது!" என்றபோது, "பேட்டரி, பேட்டரி" என்று பாய்ந்து வாங்கி மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

தட்டு மாற்றினார்கள். மகன் இல்லாத வீடாகையால் நாகேந்திரனே மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவேண்டும். போட்டார். விரல் நடு மூட்டில் வந்து மோதிரம் நின்றது. அப்போதுதான் பார்த்தார்: மூட்டு ஒருபக்கமாகத் தடித்திருந்தது. காலேஜில் கபடி ஆடும்போது மடங்கிய விரல் என்று அஜித்குமார் கூச்சத்தோடு சொன்னான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெர்னியர் கண்ணு வேறு கேலிக்கு நிற்க, நாகேந்திரன் திரும்பவா எடுப்பார்? "ஏறிடும், ஏறிடும்" என்று தேங்காயெண்ணெய் தொட்டு, திருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினார். ஏறிவிட்டது. கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

வடை பாயசம் வருவதற்குள் விரல் சிவந்து உருண்டுவிட்டது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அஜித்குமார் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் டம்ளரை வாங்கினான். சொர்ணம்தான் பார்த்துவிட்டு, "ஏ நைனா, இன்னா கை இது?" என்று பிடித்து இழுத்தாள். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே விரல் கருஞ்சிவப்பாக மினுமினுத்தது. சோப்பு வந்தது, நெய் வந்தது, ஐஸ் வந்தது. யாரோ நூல் சுற்றினால் இறங்கும் என்று சுற்றி இழுத்தார்கள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியதே தவிர மோதிரம் அசையவில்லை.

"கட் பண்ணிதான் எடுக்கணும். ஃபயர் சர்வீஸ்ல எட்த்து வுடுவாங்க" என்றார் தங்கவேல்.

"நிச்சய மோதிரத்த வெட்றதா?" என்று எழுந்தாள் ராஜகுமாரி. நாகேந்திரனின் அக்கா. "நல்லது நடக்கற எடத்துல வெட்டு குத்துன்னு பேசாதீங்க."

நாகேந்திரனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அந்த நிமிஷமே தெரிந்திருந்தது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் செருகவேண்டும். தகட்டின்மேல் கத்தி விளிம்பு ஊசி அரத்தை வைத்து ராவவேண்டும். தங்கம் மெத்தென்று வழிவிடும். பிறகு குறட்டால் இரண்டு பக்கமும் பிடித்து விரித்தால் தீர்ந்தது. எல்லாமே இரண்டடி தள்ளி, சோபாவுக்குப் பக்கத்தில், அவரே பெருமைக்கு வைத்த பைக்குள் இருந்தன. பையைத் திறந்தால் ஆயிற்று. திறந்தால் கன்சல்டன்ட் வேஷமும் போயிற்று.

ராகுகாலத்தையும் சகுனத்தையும் காலமெல்லாம் கிண்டல் பண்ணிய நாகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அக்கா சொல்றது சரிதான். சுப காரியத்தில் வெட்டக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் வீக்கம் தானாக வடிந்துவிடும்."

அவர் பேசிய தமிழ் அவருக்கே யாரோ பேசியதுபோல் இருந்தது. தாட்சாயிணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டப் போய்விட்டார்.

"பரவால்ல மாமா, அப்டி ஒண்ணும் வலிக்கல" என்றான் அஜித்குமார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

பொறுத்தார்கள். விரல் நீலம் பாரிக்கத் தொடங்கியது. ஒரு உருப்படி கெடுகிறது என்றால் அது முதலில் நிறத்தில்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்தே சம்பளம் வாங்கியவர், இப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு இல்லாத வேலைகளெல்லாம் செய்தார். பந்தி இலைகளை எண்ணச் சொன்னார். தண்ணீர் கேன் வந்ததா என்று கேட்டார்.

கிருஷ்ணப்பிரியா பட்டுப்புடவையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அப்பா, உங்க பைய எடுத்துகினு வரட்டா?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"எந்தப் பை?"

"உங்க பைதாம்ப்பா. அதுல..."

"அதில் லேப்டாப்தான் இருக்கிறது" என்றார் நாகேந்திரன், எல்லோருக்கும் கேட்கும்படி. "லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வது?" என்று ஒரு சிரிப்பும் சிரித்துவைத்தார்.

மகள் சிரிக்கவில்லை. வாதாடவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பெற்ற பெண் கெஞ்சிக் கேட்கிறாள், கட்டிக்கப்போகிறவன் விரல் அழுகிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் பொய்யைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறார். நமக்கே ஓங்கி ஒன்று விடலாம்போல் இருக்கிறது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கால் அந்தப் பைப் பக்கம் நகரவில்லை.

அஜித்குமார் சட்டென்று எழுந்தான். "ஆஸ்பத்திரிக்கே போய்டலாம்ப்பா. மாமாவ ஏன் தொந்தரவு பண்ணிகினு" என்று ஒரு அடி வைத்தான். முகம் வெளுத்து, கண் செருகி, அப்படியே நாற்காலிமேல் சாய்ந்தான். சொர்ணம் "ஐயோ, எம் புள்ள!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் நாகேந்திரனுக்குள் என்னவோ அறுந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பையை எடுத்தார், ஜிப்பைக் கிழிக்கிறமாதிரி இழுத்தார், நீலக் கட்டம் போட்ட துணியை எல்லோர் முன்னாலும் ஜமுக்காளத்தில் உருட்டி விரித்தார். அரங்கள், குறடுகள், ஸ்பேனர்கள், வெர்னியர்.

"மூஞ்சில தண்ணி தெளி! காத்து வுடுங்க! இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க, லைட்ட இப்டி காட்டு!" சுத்தத் தமிழெல்லாம் போன இடம் தெரியவில்லை. பட்டறைக் குரல் வந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் அஜித்குமார் கண்ணைத் திறந்தான். "மாப்ள, கைய ஆட்டாத. ஒண்ணியும் இல்ல. கைய மட்டும் ஆட்டாத."

ஃபீலர் கேஜை விசிறிபோல விரித்தார். இருந்தவற்றில் மெல்லிய தகட்டைத் தேர்ந்து, எண்ணெய் தடவி, மோதிரத்துக்கு அடியில் நுழைத்தார். உள்ளங்கைப் பக்கமாகத் தகட்டின்மேல் ஊசி அரத்தை வைத்து ராவத் தொடங்கினார். அவசரப்படாத, ஒரே சீரான இழுப்பு. பொடி மஞ்சளாக உதிர்ந்தது. வெட்டு குத்து கூடாது என்ற ராஜகுமாரி, தங்கப் பொடி வீணாகிவிடக் கூடாதே என்று முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டாள். அரத்தின் கடைசி இழுப்பில் தகடு கிரீச்சென்றது. இரண்டு குறடுகளை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து விரித்தார். மோதிரம் வாய் பிளந்து, விரலை விட்டு, ஜமுக்காளத்தில் விழுந்தது.

விரலில் கீறல்கூட இல்லை. ஆழமான ஒரு தடம் மட்டும் சுற்றிலும் பதிந்திருந்தது. நாகேந்திரன் நகத்தை அழுத்திப் பார்த்தார். வெளுத்தது. மெதுவாக, மிக மெதுவாக, சிவப்பு திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சொர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். தங்கவேல் ஃபீலர் கேஜை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சம்பந்தி இது, விசிறியாட்டம் கீது. ஃபாரின் அயிட்டமா?"

"இல்லீங்க. பாடியில வாங்கனது." அதற்கு மேல் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "காயலாங்கடைச் சாமான்."

எத்தனையோ பேரைச் சுருங்கவைத்த சொல் இப்போது அவர் வாயிலிருந்து அவர்மேலேயே வந்து விழுந்தது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. "அடேங்கப்பா, நல்லா ஒழச்சிகீது" என்று சொல்லிவிட்டுத் தங்கவேல் அதைப் பத்திரமாகக் கீழே வைத்தார். ஒரு கன்சல்டன்ட்டின் பையிலிருந்து துருப்பிடித்த ஸ்பேனர் வந்ததைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சொர்ணம் இப்போது அவர் தொடையைக் கிள்ளவும் இல்லை.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கூடம் காலியாயிற்று. கிருஷ்ணப்பிரியா பட்டுப்புடவை கசங்க ஜமுக்காளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டாள். வட்ட அரம் அதன் இடத்தில். கத்தி அரம் அதன் இடத்தில். ஒன்று குறைகிற கட்டில், குறைகிற இடத்துக்கு உறையே தைக்கவில்லை. எதையும் தேடவில்லை அவள், எதையும் யோசிக்கவில்லை. துணியைச் சுற்றும்போதுதான் அந்த நீலக் கட்டத்தை நாகேந்திரன் சரியாகப் பார்த்தார். பிளஸ் டூவில் அவள் போட்டுக்கொண்டு போன யூனிஃபார்ம் சுடிதார்.

கதவோரம் நின்ற தாட்சாயிணியைத் திரும்பிப் பார்த்தார். "நீதான தச்சி வெச்ச?"

"நானா? உங்க பையில நா கைய வெச்சிகீறனா என்னிக்காவது?" என்றாள் அவள்.

நாகேந்திரன் அஜித்குமாருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவன் விரலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ நேரம் வலிய பொறுத்துகினு இருந்தியே மாப்ள. ஃபயர் சர்வீசுக்கு போலாம்னு மொதல்லயே கத்தியிருக்கலாம்ல?"

அவன் தயங்கினான். கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தே இருந்தது.

"பையில டூல்ஸ் கீதுன்னு தெரியும் மாமா" என்றான். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பிரியா சொல்ட்டா. எங்கப்பா ஊட்டுக்காக எவ்ளோ கஷ்டப்பட்றாருன்னு மாடியில அழுதுகினே சொன்னா. அவரா சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாது, கேட்டா ஒடஞ்சி போய்டுவாருன்னா. எங்கம்மா அப்பாவுக்கும் தெரியும்."

நாகேந்திரன் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நானும் பாத்துகினே இருந்தேன் மாமா. இப்ப எடுப்பாரு, இப்ப எடுப்பாருன்னு. அப்பறம் உங்களுக்கு கஷ்டமா கீதுன்னு தெரிஞ்சிது. சரி, ஆஸ்பத்திரிக்கு போய்ட்டா உங்களுக்கு ஒண்ணும் வராதேன்னுதான் எழுந்தேன்." அவன் குறை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன்போலத்தான் சொன்னான். "நின்னா தல சுத்திடிச்சி."

அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தொடைக் கிள்ளல், மகளின் உதடு, இவனுடைய 'பரவால்ல மாமா' எல்லாம் இப்போது வரிசையாக வந்து முன்னால் நின்றன. ஊரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் கூடி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிரீஸ் பட்ட கையால் வராத அவமானம், திறக்காத பையால் வந்தது. அவன் நீல விரலைப் பார்த்துக்கொண்டே லேப்டாப் என்று சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எந்தத் தொட்டி அதற்குப் போதும்?

"மாப்ள..." என்று ஆரம்பித்தார். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தடம் பதிந்த இடத்தை எண்ணெய்க் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிருஷ்ணப்பிரியா துணியைச் சுருட்டி நாடாவால் கட்டி, பைக்குள் வைத்து, ஜிப்பை மூடினாள். எழுந்து வந்து பையை அவரிடம் நீட்டினாள். "இந்தாப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாகேந்திரன் வாங்கிக்கொண்டார். பை கைமாறும்போது சத்தம் எதுவும் வரவில்லை. அத்தனை இறுக்கமாக, அத்தனை பார்த்துப் பார்த்துச் சுற்றியிருந்தாள். இன்றைக்காவது அது கிணிங் என்று சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.